ஃபேனைப் பிடிப்பதும் விடுவதும் யார்?

கடலூர் முதுநகர்ப் பக்கம் லாரி வைத்திருக்கும் வாசகரின் கேள்வி: "எலக்ட்ரானிக் ஃபேன் கிளட்ச் போயிடுச்சு. சாதா மெக்கானிக்கல் கிளட்ச் போட்டுடலாம், செலவும் கம்மின்னு பட்டறையில சொல்றாங்க. போடலாமா?"

சில வண்டிகளில் போடலாம். ஆனால் பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரைக் குளிர்விக்கும் ஃபேனின் வேகம் இரட்டித்தால் அது எஞ்சினிடமிருந்து இழுக்கும் திறன் எட்டு மடங்காகும். பெரிய லாரியில் முழு வேகத்தில் 20 குதிரைத்திறனைத் தாண்டும்; அத்தனையும் டீசல். தேவைப்படும்போது மட்டும் ஃபேனை எஞ்சினோடு பிடித்துச் சுற்றவைப்பதற்குத்தான் கிளட்ச்.

இதற்குள் ஒன்றையொன்று உரசும் தகடு கிடையாது. எஞ்சினோடு சுற்றும் ஒரு ரோட்டார், அதைச் சுற்றி ஃபேன் பூட்டிய கூடு. இரண்டிலும் வட்ட வட்டமாக வரப்பும் வாய்க்காலும். ஒன்றின் வரப்பு மற்றதன் வாய்க்காலுக்குள் தொடாமல் இறங்கியிருக்கும். அந்த மெல்லிய இடைவெளியில் தேன் பதத்துச் சிலிகோன் எண்ணெய் நிறைந்தால் ரோட்டார் எண்ணெயை இழுக்கும், எண்ணெய் கூட்டை இழுக்கும், ஃபேன் சுற்றும்.

அழகு இனிமேல்தான். ரோட்டாரின் விளிம்பருகே கூட்டில் ஒரு சிறு தடுப்பு உண்டு. ரோட்டார் வேகமாகவும் கூடு மெதுவாகவும் சுற்றுவதால், இழுபட்டு வரும் எண்ணெய் தடுப்பில் முட்டி அழுத்தம் பெற்று, ஒரு துளை வழியாக முன்பக்கத் தொட்டிக்குத் திரும்பிவிடும். அதாவது கிளட்ச் தன்னைத்தானே ஓயாமல் காலி செய்துகொண்டிருக்கிறது. வேக வித்தியாசமே அதற்குப் பம்பு. வித்தியாசம் அற்றுப்போனால் பிடிப்பும் இல்லை, பம்பும் இல்லை. அதனால்தான் முழுப் பிடிப்பிலும் ஃபேன் கொஞ்சம் வழுக்கியே ஓடும். தொட்டியிலிருந்து எண்ணெயை மறுபடி உள்ளே விடும் கதவைத் திறப்பதா, மூடுவதா என்பது மட்டுமே கட்டுப்பாடு.

மெக்கானிக்கல் கிளட்சில் கதவைத் திறப்பது முன்னால் தெரியும் ஈருலோகச் சுருள் (இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டிச் சுருட்டியது). சூட்டில் ஒரு உலோகம் அதிகம் நீளும், மற்றது அவ்வளவாக நீளாது. சுருள் முறுக்கிக்கொண்டு கதவைத் தள்ளும். இப்படி நீளாத நிக்கல்–எஃகுக் கலவையை 1896-இல் கண்டறிந்தவர் இயற்பியலாளர் சார்ல் எதுவார் கியோம். மீட்டர் அளவுகோலுக்கு மலிவான உலோகம் தேடியபோது கிடைத்தது. 1920-இல் நோபல் பரிசு. "இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம்" என்று கேட்டு நிதியை வெட்டுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

எலக்ட்ரானிக்கிலும் அதே எண்ணெய், அதே வரப்பு. கதவை மட்டும் இ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மின்காந்தத்தால் ஆட்டுகிறது. பெரும்பாலான மாடல்களில் மின்சாரம் நின்றால் கதவு திறந்தே இருக்கும். ஆகவே சோதனை எளிது: கனெக்டரைக் கழற்றிவிட்டு, சூடான எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டுங்கள். ஃபேன் இரைந்தால் கிளட்சின் எண்ணெய்ப் பிடிப்பு நன்றாக இருக்கிறது, பழுது பெரும்பாலும் வயரிங்கில். உப்புக்காற்றடிக்கும் நம் கரையில் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு ஏறுவது சகஜம். அதற்காகக் கிளட்சையே மாற்றுவது வீண் செலவு. இரையவில்லையா? எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் சுண்டுங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் எண்ணெய் போய்விட்டது. பேரிங் ஓரம் பிசுக்கும் இருக்கும். இரைந்த ஃபேன், எஞ்சினை நிறுத்திய பிறகு கையால் அசையவே மறுத்தால் கிளட்ச் ஜாம்.

மெக்கானிக்கல் மாட்டுவதானால் அளவுதான் முக்கியம். ஃபேன் இலை அகலத்தில் பாதிக்கு மேல் ஷ்ரவுடுக்குள் (ஃபேனைச் சுற்றியுள்ள காற்றுக் கூண்டு) இருக்க வேண்டும். சுருள் ரேடியேட்டருக்குச் சில அங்குலத்துக்குள் வர வேண்டும். ஃபேன் சுற்றும் திசைக்கு ஏற்ற கிளட்ச்தானா என்று பாருங்கள். நடுநட்டு உள்ள வகையில் அது லெஃப்ட் திரெட்டா என்று பார்க்காமல் ஸ்பேனரை மிதிக்க வேண்டாம். பழைய வயரை வெட்டாமல் மூடி போட்டு, பெல்ட்டில் படாமல் கட்டுங்கள்.

இழப்பும் உண்டு. சுருளுக்குத் தெரிவது தன்மேல் படும் காற்றின் சூடு மட்டுமே. ஏ.சி., இன்டர்கூலர் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விப்பது), ரிடார்டர் (இறக்கத்தில் உதவும் துணை பிரேக்) கேட்பது அதற்குக் கேட்காது. நெல்லிக்குப்பம் ஆலை வாசலில் கரும்பு லோடோடு ஊர்ந்து நிற்கும் வண்டிக்கு இது பெரிய விஷயம். ஃபேன் வேகத் தகவல் வராததால் இ.சி.எம். பழுது விளக்கை ஏற்றும். சில மாடல்களில் இழுவையையும் குறைக்கும். செட்டிங்கை மாற்ற வழியில்லாத பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் இந்த மாற்றமே வேண்டாம் என்பேன்.

கூலன்ட்டுக்குப் பதில் உப்புப் போர்த் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. ரேடியேட்டரின் நடுக்குழாய்களில் காரை அடைத்தால் அவ்வழியே வரும் காற்று சூடேறாது. எஞ்சின் கொதிக்கும், எதிரே சுருள் குளிர்ந்து கிடக்கும், ஃபேன் பிடிக்காது. பழி புதுக் கிளட்சின் மேல் விழும். அடுத்த ஆலோசனை 'தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறி' என்று வரும். எலுமிச்சை–மிளகாய் கட்டுவதாவது எஞ்சினைக் கெடுப்பதில்லை.

மாட்டிய மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் ஃபேன் பலமாக இரையும். இரவில் எண்ணெய் வரப்புகளுக்குள் வடிந்திருந்ததுதான் காரணம். பம்பு காலி செய்ததும் அடங்கிவிடும், கழற்ற ஓடாதீர்கள்.