60 வயதுக்கு மேல் கோல்ஃப்: இடுப்பு முந்துகிறதா, தோள் முந்துகிறதா?

"டிரைவர் (பந்தை நெடுந்தூரம் அடிக்கும் கிளப், அதாவது கோல்ஃப் மட்டை) முன்ன மாதிரி போகலை, கையில பலம் இல்லை" என்பதுதான் வயது கூடிய கோல்ஃப் ஆட்டக்காரர்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் வந்து சொல்லும் முதல் குறை. பலம் குறைவது உண்மைதான். அந்தப் பலத்தைச் சட்டென்று வெளிக்கொண்டுவரும் திறன் அதைவிட வேகமாகக் குறைகிறது. விரைந்து சுருங்கும் தசை இழைகளே வயதாக ஆக அதிகம் மெலிகின்றன.

தேர்ந்த ஸ்விங்கில் கிளப்பைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்குக்கு ஏறக்குறைய முக்கால் வினாடி, பந்தை நோக்கி இறக்கும் டவுன்ஸ்விங்குக்குக் கால் வினாடி. அந்தக் கால் வினாடிக்குள் இடுப்பு, மார்பு, கைகள், கிளப் என்ற வரிசையில் வேகம் கைமாற வேண்டும். நடுவில் யோசித்துத் திருத்த நேரமே கிடையாது.

இடுப்பு மூட்டும் நடுமுதுகும் இறுகிப்போனால் தோள் முழுதாகத் திரும்பாது. கையை மட்டும் தூக்கி பேக்ஸ்விங்கை முடித்துவிடுவோம். இறங்கும்போது தோள் முந்திக்கொள்ளும். கிளப் வெளியிலிருந்து உடல் பக்கமாக உள்ளே வெட்டும், வலக்கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து விலகும்; இதுதான் ஸ்லைஸ். உடனே இன்னும் ஓங்கி அடிப்பார்கள். தோள் இன்னும் முந்தும், கீழ்முதுகும் பிடித்துக்கொள்ளும். லேசான, எளிதில் வளையும் கிளப் தண்டு (சீனியர் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்) ஓரளவு கைகொடுக்கும்; வரிசையை அது சரிசெய்யாது.

நாற்காலியில் உட்கார்ந்து, கிளப்பை மார்போடு குறுக்கே அணைத்து, முழங்கால் அசையாமல் இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். 45 பாகை எட்டவில்லையா? பாதங்களைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பி நில்லுங்கள்; பேக்ஸ்விங்கில் (வலக்கைக்காரருக்கு) இடது குதிகால் எழும்பினால் எழும்பட்டும்.

வரிசைக்கான பயிற்சி இது. 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) எடுங்கள், பந்து வேண்டாம், பாதங்கள் சேர்ந்திருக்கட்டும். பேக்ஸ்விங் முடியும் தறுவாயில் இடக்காலை இலக்குப் பக்கம் எடுத்து வையுங்கள். கால் ஊன்றிய பிறகே கை இறங்க வேண்டும். காலும் கையும் சேர்ந்து இறங்கினால் பயனில்லை; வேகத்தைப் பாதியாக்குங்கள். பத்து முறை போதும். ஒற்றைக் காலில் 10 வினாடி நிற்கத் தடுமாறுபவர்கள் முதலில் சமநிலைப் பயிற்சி செய்துவிட்டு இதற்கு வரட்டும்.

சென்னை வெயிலும் புழுக்கமும் தனிக் கணக்கு. வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. நந்தனம் காஸ்மோ கோல்ஃப் மைதானத்தில் காலை ஆட்டத்தின் கடைசிக் குழிகளில் மட்டும் ஸ்லைஸ் கூடினால், முதலில் தண்ணீரையும் களைப்பையும் பாருங்கள். இதய நோய்க்கோ நீர் பிரியவோ மாத்திரை எடுப்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கை மட்டும் திடீரென்று சொன்னபடி கேட்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, அது ஸ்விங் கோளாறு அல்ல. ஆட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு 108ஐ அழையுங்கள்.