இரட்சிப்பும் மீட்பும் ஒன்றா?

இராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்கு நடந்தால் 'இயேசு இரட்சிக்கிறார்' என்ற சுவரெழுத்து எங்காவது கண்ணில் படும். அந்தச் சொல்லோடு வளர்ந்தவன் நான். ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சிறுமி, "இரட்சிப்பு என்றால் என்ன அண்ணா?" என்று கேட்டபோது, "பாவத்திலிருந்து விடுதலை" என்று மனப்பாடமாக இருந்ததைச் சொல்லிவிட்டேன். விடை தவறில்லை. அவள் கேட்டது சொல்லின் பொருளை.

'ரக்ஷ்' என்னும் வடமொழி வேருக்குக் காத்தல் என்று பொருள். தமிழ் மரபில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் இகரம் முன்னே சேர்ந்தது, 'க்ஷ' என்பது 'ட்ச' ஆனது. இரட்சகர், இரட்சணியம் எல்லாம் இந்த வழி வந்தவையே. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு நேராக நிற்பது 'சோட்சோ' என்னும் வினை. ஆபத்திலிருந்து காப்பாற்றுவதும் நோய் நீக்கிச் சுகமாக்குவதும் அதற்குள் அடக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்திய பெண்ணிடம் இயேசு, 'உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது' என்கிறார். தண்ணீர்மேல் நடக்கப்போய் அமிழ்ந்த சீடர் பேதுருவின் அலறலிலும் அதே வினைதான். அந்தப் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பெயர் இராயப்பர். அவர் பெயரால் அமைந்தது எங்கள் இராயபுரம். கடலுக்குப் போகிறவர்கள் வாழும் ஊரில் அந்த அலறலுக்கு அகராதி தேவையில்லை. 1995-இல் வந்த வேதாகமப் பொதுமொழிபெயர்ப்பில் பேதுரு, 'ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்' என்றே கத்துகிறார்.

'இரட்சிப்புக்குத் தமிழ், மீட்பு' என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு. மீட்பு நல்ல தமிழ். ஆனால் அது காட்டுவது வேறொரு காட்சி. மீள்தல் என்றால் திரும்புதல்; மீட்டல் என்றால் திரும்பக் கொண்டுவருதல். வண்ணாரப்பேட்டையில் அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மாதமாவது நகையைத் திருப்ப வேண்டும்" என்று சொல்லும் தாய்மாருக்கு இந்த வேர்ப்பொருள் நன்றாகத் தெரியும். வளையல் அவளுடையதுதான். கைமாறிப் போயிருக்கிறது. விலை கொடுக்காமல் வராது. தானாக நடந்தும் வீட்டுக்கு வராது. உடையவள்தான் போக வேண்டும். 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு' என்று பவுலின் பெயரால் எபேசியருக்கு எழுதிய நிருபம் சொல்வதை, அந்தச் சிறுமிக்கு நான் இப்படித்தான் விளக்கியிருக்க வேண்டும்.

கிரேக்கத்தில் இதற்குத் தனிச்சொல் உண்டு. 'லூட்ரான்' என்பது அடிமையையோ கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் விலை. மாற்கு 10:45-இல் 'மீட்கும் பொருள்' என்று இருப்பது அதுதான். எபிரேயத்தின் 'கோயேல்' இன்னும் நெருக்கமானது. வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக, தன்னையே விற்றுக்கொண்டவனுக்காக, பணம் கொடுத்து மீட்கும் உரிமை பெற்ற இரத்த உறவினன் அவன். பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் அந்தச் சட்டம் இருக்கிறது. யோபு, 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்று சொல்லும் இடத்தில் நிற்பதும் கோயேல்தான். சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையார் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலேயே அங்கு 'மீட்பர்' என்று இருக்கிறது. ஆகவே இரட்சகர் ஒரு சபைக்கு, மீட்பர் இன்னொரு சபைக்கு என்று பங்கு பிரித்துக்கொள்ள இடமே இல்லை.

நம் புறப்பொருள் மரபிலும் மீட்பு உண்டு. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போரிடுவது கரந்தை. மீட்கப்போய் உயிர்விட்டவனுக்கு ஊர் நடுகல் நட்டது. தன் உயிரையே விலையாகக் கொடுத்து மீட்டவர் என்று சிலுவையைப் பற்றிச் சொன்னால், தமிழ்க் காதுக்கு அது முற்றிலும் புதிய செய்தியாக இராது.

அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால் அடகுக் கடை உவமை நின்றுவிடும். 3-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் ஓரிகன், சாத்தானுக்கு என்று கருதினார். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்னொரு இறையியலாளர் அன்செல்ம் அதை மறுத்தார். உவமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

விசுவாசம் என்ற சொல்தான் இன்று எனக்கு அதிகக் கவலை தருகிறது. வடமொழியில் அதற்கு நம்பிக்கை என்று பொருள். தமிழ்ப் பேச்சிலோ அது முதலாளியிடம் வேலைக்காரன் காட்டும் நன்றியாகவும், நாயின் குணமாகவும் மாறிவிட்டது. 'விசுவாசத்தால் இரட்சிப்பு' என்பதை, விசுவாசமாக உழைத்தால் கிடைக்கும் கூலி என்று ஒருவர் புரிந்துகொண்டால் பவுல் சொன்னது தலைகீழாகிவிடும். இங்கே 'நம்பிக்கை' என்று மாற்றிவிடலாம் என்பேன். தொல்காப்பியம் 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது. நம்பு என்பதற்குப் பழம்பொருள் விருப்பம். ஒருவர்பால் நெஞ்சு சாய்வது.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுமியிடம் வளையல் கதையைச் சொன்னேன். "அப்போ வளையலுக்கு அம்மா வருவாங்கன்னு தெரியுமா அண்ணா?" என்று கேட்டாள். நம்பிக்கை என்று கரும்பலகையில் எழுதினேன்.