கட்டி எடுத்து அஞ்சு வருஷம் முடிஞ்சாச்சா? ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். 11 வருடம் முன்பு வலது நெஞ்சிலிருந்து தேங்காய் அளவுக் கட்டியை எடுத்தவர். மூன்று மாதமாக விடியற்காலையில் வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. சர்க்கரை நோய் கிடையாது, எந்த மாத்திரையும் போடுவதில்லை. ஆனால் ரத்தச் சர்க்கரை 38. மனைவி சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தே சமாளித்திருக்கிறார். சி.டி. எடுத்தால் பழைய இடத்திலேயே கட்டி. ஈரலிலும் இரண்டு.

"அன்னைக்கே கேன்சர் இல்லைன்னு சொல்லிட்டாங்களே டாக்டர். அஞ்சு வருஷம் செக்கப்புக்கும் வந்தோமே?"

இதே கேள்வி என் காதில் விழுவது நான்காவது முறை. இந்த நோயே அபூர்வம் என்பதால், நான்கு என்பது எனக்குப் பெரிய எண்ணிக்கை.

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையில் வரும் கட்டி இது. சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் என்பார்கள். பீடி, சிகரெட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, ஆஸ்பெஸ்டாஸுக்கும் இல்லை. சிலரிடம் இது இன்சுலின் போல வேலை செய்யும் பொருளைச் சுரந்து சர்க்கரையை இறக்கிவிடும். 1930லேயே டோகி, பாட்டர் என்ற இருவர் எழுதி வைத்த சங்கதி.

சரி, அஞ்சு வருஷம் திரும்ப வராவிட்டால் இனி பயமில்லை என்கிற அந்த 'அஞ்சு வருஷ'க் கணக்குக்கு வருவோம். வேறு சில புற்றுநோய்களுக்கு அது பொருந்தும். இந்தக் கட்டி மெதுவாக வளரும் ஜாதி. பத்து வருடம் கழித்தும் வரும், இருபது கழித்தும் வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் 'பெனைன்' (கேன்சர் அல்லாதது) என்று இருந்தால் அன்றைக்கு மைக்ராஸ்கோப்பில் செல்கள் சாதுவாகத் தெரிந்தன என்றுதான் பொருள். இனி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை! அதனால்தான் இப்போது வயது, கட்டியின் அளவு, செல் பிரியும் வேகம், உள்ளே அழுகல் உண்டா என்றெல்லாம் பார்த்து, ஆபத்து குறைவா கூடுதலா என்று தரம் பிரிக்கிறோம். காம்போடு தொங்கும் சின்னக் கட்டியை முழுசாக எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்குத் திரும்ப வருவதில்லை. பயந்து சாக வேண்டாம். ஆனால் வருடம் ஒருமுறை சி.டி. எடுப்பதை எப்போது நிறுத்தலாம் என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும், காலண்டர் சொல்ல வேண்டாம். வெறும் எக்ஸ்ரே போதாது, கட்டி இதயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்த திசு பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். இந்தக் கட்டியைத் தெளிவாக அடையாளம் காட்டும் ஸ்டாட்6 சோதனை 2013க்குப் பிறகு வந்தது. பழைய பிளாக் இருந்தால் இன்றைக்கும் செய்து பார்த்துவிடலாம். போன வாரம் வந்தவர் வீடு மாறும்போது எல்லாம் பழைய பேப்பரோடு போய்விட்டது. அதனால் சோதனைக்குத் திசு எடுக்க ஈரலில் ஊசி குத்த வேண்டியதாயிற்று.

அப்புறம், காரணமில்லாமல் சர்க்கரை இறங்கினாலோ, விரல் நுனி உருண்டு பருத்தாலோ, எந்த டாக்டரிடம் போனாலும் 'நெஞ்சில் ஒரு கட்டி எடுத்தேன்' என்று முதலில் சொல்லுங்கள். தயவுசெய்து.

அவருக்கு வார்டில் இப்போது குளுக்கோஸ் ஓடுகிறது. ஈரலில் இருப்பதையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று நாளை உட்கார்ந்து பேசுகிறோம்.