வால்வு: கவாடமா, ஓரதரா?

இரட்டைக் கதவின் ஒரு பலகைக்கு லத்தீனில் ‘வால்வா’ என்று பெயர். அதுவே ஆங்கிலம் வழியாக, கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிக்கொண்டு, தமிழில் வால்வு ஆயிற்று. நேர்ப்பொருள் பார்த்தால் கவாடம்தான் இதற்குக் கிட்ட வரும். கபாடபுரத்தின் பெயரில் இருப்பதும் அந்தக் கதவே. பாடநூல்கள் இதயத்துக்கு ‘ஈரிதழ் வால்வு’, ‘மூவிதழ் வால்வு’ என்று எழுதி, பாதியைத் தமிழாக்கிப் பாதியை அப்படியே விட்டன. தடுக்கிதழ் என்று முழுவதையும் மாற்றியவர்களும் உண்டு.

இன்னொரு சொல் ஓரதர்: ஓர் + அதர். அதர் என்றால் வழி. ‘ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்’ என்ற குறளில் (594) செல்வம் விசாரித்துக்கொண்டு போவது இந்த அதரைத்தான். எல்லா வால்வுக்கும் இது பொருந்தாது. கைச்சக்கரம் வைத்த வால்வைத் திறந்துவிட்டால் வாயு இரு பக்கமும் போகும். அதை அடைப்பான் என்பதே சரி. வாயுவைப் பிஸ்டனால் அமுக்கும் கம்ப்ரஸரின் சிலிண்டரில் உட்காரும் வால்வுக்கோ ஓரதர் அச்சாகப் பொருந்துகிறது, கவாடத்தைவிடவும். பழைய ஊதுபொறிகளில் தோல் மடலே வால்வாக இருந்தது. அது கீலில் ஆடும் கதவுதான். 1894இல் ஆஸ்திரியப் பொறியாளர் ஹான்ஸ் ஹோர்பிகர் அந்த இடத்தில் எஃகுத் தகட்டு வால்வைக் கொண்டுவந்தார். கீல் போய்விட்டது, ஒருவழித்தன்மை மட்டும் மிஞ்சியது.

இதன் உறுப்புகள் நான்குதான்: வாயு போகும் துளைகள் உள்ள சீட், அதன்மேல் உட்கார்ந்து மூடும் பிளேட், ஸ்பிரிங், பிளேட் எவ்வளவு எழலாம் என்று தடுக்கும் கார்டு. திறக்கவோ மூடவோ வெளியிலிருந்து எதுவும் இயக்குவதில்லை; இரு பக்க அழுத்த வேறுபாடே பிளேட்டைத் தூக்கும், ஸ்பிரிங் திருப்பி உட்கார்த்தும். எழும்பும் உயரம் ஓரிரு மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் இயந்திரத்தில் ஒரு பிளேட் நாளொன்றுக்கு 8,64,000 முறை சீட்டில் அடிக்கிறது. அதனால் சின்னக் குறையும் சீக்கிரமே பெரிதாகும். வாயுவோடு வரும் திரவத்துளி பிளேட்டை உடைக்கும். தூசும் துருவும் சீட்டில் தங்கி இடைவெளி விடும். எண்ணெய் அதிகமானால் பிளேட் ஒட்டிக்கொண்டு தாமதமாகத் திறந்து, பிறகு ஓங்கி அடிக்கும்.

வாயுவைச் சிலிண்டருக்குள் விடுவது சக்‌ஷன் வால்வு, வெளியே விடுவது டிஸ்சார்ஜ் வால்வு. ஓரதர் இருவழியானால் என்ன நடக்கும்? சக்‌ஷன் வால்வு கசிந்தால் அமுக்கிய சூடான வாயு உள்வரும் பக்கத்துக்கே திரும்பும். அந்த வால்வின் மூடி மட்டும் சூடேறும். அகச்சிவப்பு வெப்பமானியால் ஒரே சிலிண்டரின் சக்‌ஷன் மூடிகளை ஒப்பிட்டால் குற்றவாளி தெரிந்துவிடும். டிஸ்சார்ஜ் வால்வு கசிந்தால் வெளியே போன வாயு மீண்டும் உள்ளே வந்து மறுபடி அமுக்கப்படும். வெளியேறும் வெப்பநிலை ஏறும், எண்ணெய் கரியாகிச் சீட்டில் படியும், கசிவு இன்னும் கூடும்.

வாயுவை இரண்டு கட்டமாக அமுக்கும் கம்ப்ரஸரில் எந்த நிலையில் (கட்டத்தில்) கோளாறு என்பதை, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைநிலை அழுத்தம் சொல்லும். 7 பார் (அழுத்த அலகு) தரும் இரண்டு நிலைக் காற்றுக் கம்ப்ரஸரில் இது சுமார் 2 பார் இருக்க வேண்டும். குறைந்தால் முதல் நிலை வால்வுகளைப் பாருங்கள். ஏறினால் இரண்டாம் நிலையை. இதைப் பார்க்காமல் முதலில் பிஸ்டன் ரிங்கைக் கழற்றுவது வீண்வேலை.

வால்வைக் கழற்றுமுன் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுங்கள். இரு பக்க அடைப்பான்களையும் மூடி, அழுத்தத்தைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். எரியும் வாயுவானால் நைட்ரஜனால் கழுவுங்கள். மூடியின் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, மூடியை அசைத்துப் பார்த்து, உள்ளே அழுத்தம் இல்லை என்று உறுதியான பிறகே முழுதும் கழற்றலாம்.

சீட்டைச் சமதளத்தில் வைத்து லேப்பிங் (தேய்த்து மட்டமாக்குதல்) செய்யலாம். தேய்ந்த பிளேட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டுவது பொய்ச் சிக்கனம். பிளேட், ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டிய வால்வில், அது தாங்க வேண்டிய பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகக் கசியலாம், தாரையாக ஒழுகக் கூடாது. ஆக்சிஜன் கம்ப்ரஸரில் மட்டும் இந்தச் சோதனையை நினைக்கவே வேண்டாம். எண்ணெய்ப் பசை பட்டால் தீப்பிடிக்கும்.

திரும்பப் பொருத்தும்போதுதான் பெரிய ஆபத்து. டிஸ்சார்ஜ் இடத்தில் சக்‌ஷன் வால்வைப் போட்டுவிட்டால் வாயுவுக்கு வெளியேற வழியில்லை. சிலிண்டர் மூடியே பெயரலாம். வால்வை உட்கார்த்தியதும், மூடி போடுமுன், மழுங்கிய குச்சியால் வெளியிலிருந்து பிளேட்டை மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்நோக்கி இறங்கினால் அது சக்‌ஷன் வால்வு, இறங்காவிட்டால் டிஸ்சார்ஜ். கசிவைத் தடுக்கும் கேஸ்கட் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும். மூடியின் நடுவில் இறுக்கும் திருகு இருந்தால் முதலில் அதைத் தளர்த்திவிட்டு, மூடி நட்டுகளை எதிரெதிராகச் சமமாக முறுக்கி முடித்த பிறகே அந்தத் திருகை இறுக்க வேண்டும்.