ஜோம்சோமுக்கு 20 நிமிடம் என்று படித்துவிட்டு டிக்கெட் போடுகிறவர்களுக்கு

நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயில் யாத்திரைக்கு ஆட்களை அனுப்புவது என் தொழில். பொக்காராவிலிருந்து விமானத்தில் போய் இறங்கும் மலை ஊர்தான் ஜோம்சோம், அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத். சீசன் வந்தால் ஜோம்சோமில் மாட்டிக்கொண்டவர்களின் போனும் கூடவே வரும். போன வாரம் வந்ததில் பொறுமை போய்விட்டது. காலை 8 மணிக்கு ஜோம்சோம், 11 மணிக்குப் பொக்காரா, மதியம் காட்மாண்டு, மாலை டெல்லி, ராத்திரி சென்னை. எல்லாம் ஒரே நாளில், தனித்தனி டிக்கெட்டுகளாக, பையன் ஆன்லைனில் போட்டது. மூன்று நாளாக ஜோம்சோமில் விமானம் இறங்கவில்லை. “20 நிமிஷ ஃப்ளைட்தானே சார்?” என்று என்னிடம் சண்டை. டிக்கெட் போட்டது நான் இல்லை என்பது வேறு விஷயம்.

சரி, பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு என்று இணையதளங்கள் காட்டும் அந்த 20 நிமிடத்துக்கே வருவோம். பொக்காராவுக்கும் ஜோம்சோமுக்கும் நேர்கோட்டில் சுமார் 70 கி.மீ.தான். தூரத்தை வேகத்தால் வகுத்து விடை சொல்வதோடு இணையதளத்தின் வேலை முடிந்தது. சில தளங்கள் பெரிய ஜெட்டின் வேகத்தைப் போட்டு இன்னும் குறைத்துக் காட்டும். அங்கே பறப்பதோ 20 பயணிகள்கூட ஏற முடியாத ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானம். மலைக்கு மேலே போகாது, அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே காளி கண்டகிப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகும். விமானி கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டும். மேகம் இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். வானம் பளிச்சென்று இருந்தாலும், பகல் ஏற ஏற பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும். அதனால்தான் எல்லாமே காலை விமானங்கள். காலையில் தவறினால் மறுநாள், மறுநாளும் தவறினால் அதற்கு அடுத்த நாள்.

வெயிலடிக்கும்போது ஏன் ரத்து என்று கவுன்டரில் கத்தாதீர்கள். 2022 மே 29 அன்று இதே தடத்தில் போன ட்வின் ஆட்டர் மலையில் மோதி, விமான ஊழியர்களையும் சேர்த்து இருந்த 22 பேரும் இறந்தார்கள். இன்று போக முடியாது என்று ஒரு விமானி சொன்னால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஜோம்சோமில் இருந்து கிளம்பும் நாளில் வேறு எந்த டிக்கெட்டும் போடாதீர்கள். காட்மாண்டு விமானத்துக்கு முன்னால் இரண்டு நாளாவது சும்மா கிடக்கட்டும். தனித்தனியாக வாங்கிய டிக்கெட் என்றால், முந்தைய விமானம் வராததற்கு அடுத்த கம்பெனி பொறுப்பேற்காது. விமானம் வராவிட்டால் பொக்காராவுக்கு இறங்க ஜீப்புக்கென்று தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், 150 கி.மீ.க்கு மேல் மலைப்பாதை, ஒரு முழு நாளை எழுதிவையுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவு இருந்தால் அதுவும் நிச்சயமில்லை. நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால் போகிறது. இதிலும் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்!

அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உயரத்தைப் பாருங்கள்: பொக்காரா 800 மீட்டர் சொச்சம், ஜோம்சோம் சுமார் 2,700, முக்திநாத் 3,700க்கும் மேலே. 20 நிமிடத்தில் ஜோம்சோம் போய், அன்றைக்கே ஜீப்பில் மேலேறி, கோயிலின் 108 நீர்த்தாரையிலும் குளித்துவிட்டுத் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். திவ்யதேச சேவைதான், மறுக்கவில்லை. உடம்பு உயரத்துக்குப் பழக ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள். பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், அதுவும் நாலைந்து நாளைக்குக் கூடுதலாக.