மாலை வகுப்பிலும் மாற்றுத்திறன் மாணவருக்கு இடம்: சட்டம் தரும் உரிமையும் அதைக் கேட்டுப் பெறும் வழியும்

பள்ளி மணி அடித்த பிறகு நடக்கும் சிறப்பு வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி, நூலக நேரம், தன்னார்வலர் நடத்தும் மாலை நேரக் கற்பித்தல் ஆகியவற்றில் மாற்றுத்திறன் மாணவர்களைச் சேர்ப்பது பள்ளியின் விருப்பத்தைப் பொறுத்தது என்று பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் மாலை வகுப்புப் பட்டியலில் பெயர் இல்லாத குழந்தைகள் பெரும்பாலும் இந்த எண்ணத்தால்தான் விடுபட்டுப்போகிறார்கள். "அவனுக்கு எதற்கு வீண் சிரமம்" என்று அன்போடு சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் விலக்குவதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதை அனுமதிக்கவில்லை.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும்; ஆகவே தனியார் பள்ளிகளும் இதற்குள் வருகின்றன. மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, கல்வியோடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாக வழங்க வேண்டும் என்பதே அப்பிரிவின் முதல் கூறு. கட்டடமும் வளாகமும் அணுகத்தக்கவையாக இருத்தல், ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடு செய்தல், பார்வையற்ற, காது கேளாத குழந்தைகளுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கற்பித்தல், கற்றல் குறைபாட்டைக் காலத்தோடு கண்டறிதல், குழந்தைக்கும் அதிக உதவி தேவைப்படும் குழந்தையின் துணையாளுக்கும் போக்குவரத்து வசதி தருதல் ஆகியவை அடுத்தடுத்த கூறுகள். இவற்றில் எதிலும் நேர வரையறை கிடையாது. காலை ஒன்பது மணிக்குப் பள்ளி செய்ய வேண்டிய ஏற்பாட்டை, அதே பள்ளி நடத்தும் மாலை ஐந்து மணி வகுப்புக்குச் செய்ய வேண்டாம் என்று வாதிட இப்பிரிவில் இடம் இல்லை.

அப்பிரிவு அரசும் உள்ளாட்சியும் இதற்கு "முயல வேண்டும்" என்றுதான் தொடங்குகிறது என்பதைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். அது உண்மைதான். ஆனால், சட்டத்தின் 3ஆம் பிரிவு, தக்க நோக்கமும் அதற்குப் பொருத்தமான அளவும் இருப்பதாக நிறுவப்பட்டால் தவிர, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது. நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்று 2ஆம் பிரிவின் வரையறை சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் மாலை வகுப்புக்கான உரிமை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

நாற்பது விழுக்காடு பற்றிய குழப்பம்

பள்ளிகளில் அடிக்கடி எழும் தடை ஒன்று உண்டு. "அடையாள அட்டையில் 40 விழுக்காடு இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லை என்றால் எந்த ஏற்பாடும் கிடையாது என்று சொல்லிவிடுகிறார்கள். சட்டம் இரண்டு நிலைகளைத் தனித்தனியே வைத்திருக்கிறது என்பது இங்கே மறக்கப்படுகிறது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி (31ஆம் பிரிவு), 18 வயது வரை இலவச நூல்களும் உதவி உபகரணங்களும் (17ஆம் பிரிவு) போன்ற சில சிறப்பு உரிமைகள் உண்டு. பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பும் நியாயமான ஏற்பாடும் அப்படிப்பட்டவை அல்ல. நீண்டகாலக் குறைபாடு ஒன்று சூழலில் உள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவரின் முழுமையான பங்கேற்பைத் தடுக்குமானால், விழுக்காடு எதுவாயினும் அவர் மாற்றுத்திறனாளியே.

உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் இதை ஐயமின்றிச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவருக்கு, 40 விழுக்காடு சான்று இல்லை என்பதற்காகத் தேர்வில் சொல்வதை எழுதுபவரை மறுக்க முடியாது என்பதே அத்தீர்ப்பு. அது போட்டித் தேர்வு பற்றிய வழக்கு என்றாலும், நியாயமான ஏற்பாடு என்பது விழுக்காட்டுக் கணக்கில் அடங்காதது என்ற அதன் அடிப்படை பள்ளிக்கும் பொருந்தும். எழுத்துகளைப் படிப்பதில் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோர் இத்தீர்ப்பைத் தெரிந்து வைத்திருப்பது மிகவும் பயன்படும். ஏனெனில் அந்தக் குழந்தைகளின் குறைபாடு கண்ணுக்குத் தெரியாது, சான்றும் எளிதில் கிடைப்பதில்லை, சோம்பேறி என்ற பெயர் மட்டும் முதலில் கிடைத்துவிடுகிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை 21. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா ஆகியவை இப்போது பட்டியலில் உள்ளன.

இல்லம் தேடிக் கல்வி காட்டுவது

தமிழ்நாட்டில் மாலை நேரக் கற்பித்தல் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்கு, அவர்கள் குடியிருப்புக்கு அருகிலேயே, மாலை 5 முதல் 7 மணிக்குள் தன்னார்வலர்கள் கற்பிப்பது, அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தருவது என்பது தொடங்கியபோது அதன் அமைப்பாக இருந்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டு ஊரகக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்ததாகவும் தெரிந்தது. இவ்வளவு பயன் தரும் ஒன்றில் சில குழந்தைகளுக்கு மட்டும் இடம் இல்லாமல் போனால் அவர்கள் எவ்வளவு பின்தங்குவார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தெருவிலேயே நடக்கும் மையத்தில், தொலைவான பள்ளிக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. 2012ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்பதைக் கல்வி உரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. அத்தகைய குழந்தைகளைச் சிறப்பாசிரியர்கள் வீட்டுக்குச் சென்று பார்க்கிறார்கள். அந்தக் குழந்தைக்குத் தன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேறு வாய்ப்பு அநேகமாக இருப்பதில்லை. வாரத்தில் சில மாலைகள், அரை மணி நேரமேனும், பக்கத்துத் திண்ணையில் நடக்கும் கூட்டத்தில் அது இருப்பது பாடத்தைவிடப் பெரிய பயன் என்பது என் கருத்து. தன்னார்வலருக்குச் சிறப்புக் கல்வியில் பயிற்சி இல்லை என்பது உண்மை. அதற்காகத்தான் வட்டாரப் பள்ளிகளுக்குக் கல்வித்துறை வைத்திருக்கும் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். குழந்தையைத் தெரிந்த சிறப்பாசிரியர் ஒரு மாலை மையத்துக்கு வந்து, எப்படி உட்கார வைப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று காட்டினாலே பாதித் தயக்கம் நீங்கிவிடும்.

மாலைக்கே உரிய தேவைகள்

நியாயமான ஏற்பாடு என்றதும் பெருஞ்செலவு நினைவுக்கு வருகிறது. அளவுக்கு மீறிய சுமை ஏற்படாத வரையில் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்வது என்றுதான் சட்டம் அதை வரையறுக்கிறது. மாலை வகுப்புகளில் வேண்டியவை பெரும்பாலும் பணச்செலவு இல்லாதவை. ஆனால் அவை பகல் வகுப்பின் தேவைகளிலிருந்து வேறுபட்டவை என்பதால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தை, கற்பிப்பவர் விளக்குக்கு முதுகு காட்டி நின்றால் எதையும் பின்பற்ற முடியாது. விளக்கொளி கற்பிப்பவரின் முகத்தில் விழ வேண்டும். குறைபார்வை உள்ள குழந்தை பகலில் சன்னலோரம் உட்கார்ந்து படித்துவிடும், இருட்டத் தொடங்கியதும் அதே எழுத்து அதற்குத் தெரியாது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை நாள் முழுதும் உடலை நிமிர்த்தி உட்கார்ந்த களைப்போடு வருகிறது; இரண்டு மணி நேர வகுப்பில் அதற்கு நாற்பது நிமிடம் போதும், நடுவில் படுத்துக்கொள்ள ஒரு பாய் வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இடமும் ஆளும் ஒரே நாளில் இரண்டாம் முறை மாறுவது கடினம். இன்று என்னென்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரைந்து முன்கூட்டியே காட்டுவதும், இரைச்சல் மிகும்போது சற்று விலகி உட்கார ஒரு மூலை ஒதுக்குவதும் பெருமளவு உதவும். இவற்றோடு இன்னொன்று: பல பள்ளிகளில் மணி அடித்ததும் சாய்தளம் உள்ள வாயிலையும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையையும் பூட்டிவிடுகிறார்கள். அந்தச் சாவி மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியரிடம் இருக்க வேண்டும். இது கேட்டவுடன் செய்யக்கூடிய காரியம்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான மாலைச் சிறப்பு வகுப்பில் மற்றொரு குறை இருக்கிறது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு ஆகிய சலுகைகள் தகுதியுள்ள மாணவர்களுக்கு உண்டு. ஆனால் சிறப்பு வகுப்பில் வைக்கும் சிறு தேர்வுகளில் அவற்றைத் தருவதில்லை. எழுதுபவரோடு சேர்ந்து விடை சொல்லிப் பழகாத மாணவர், பொதுத்தேர்வு நாளில் முதன்முறையாக அதைச் செய்யும்போது தடுமாறுவார்.

விளையாட்டைப் பொறுத்தவரை 30ஆம் பிரிவு தனியாகவே பேசுகிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாலைப் பயிற்சியில் சேர்க்காவிட்டால் அதில் கலந்துகொள்ள ஆள் எங்கிருந்து வருவார்?

பெற்றோரில் ஒருவர் கூடவே உட்கார்ந்திருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. அம்மாவோ பாட்டியோ விரும்பி வந்தால் நல்லது. மற்றக் குழந்தைகளுக்கு இல்லாத அந்த நிபந்தனையை ஒரு குழந்தைக்கு மட்டும் விதிப்பது, கூலி வேலைக்குச் செல்லும் தாயின் குழந்தையை வெளியே நிறுத்துவதாகவே முடியும்.

வீடு திரும்பும் வழிதான் கடைசித் தடை. அரசுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் உடன் செல்லும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குப் போக்குவரத்துப்படியும் துணையாள் படியும் உண்டு. அத்திட்டத்தின் வரையறையில் அத்தகைய மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு உள்ளது, மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவித்தொகை தனியாக உண்டு. இவை குழந்தைக்குக் கிடைக்கின்றனவா என்பதை வட்டார வள மையத்தில் கேட்டறியலாம்.

கேட்கும் முறை

வாய்மொழியாகக் கேட்பதோடு நிற்காமல் தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அதில் நோயின் பெயரைவிடத் தேவை தெளிவாக இருக்க வேண்டும்: "விளக்குக்கு அருகில் முன் வரிசையில் இடம் வேண்டும்", "சாய்தளம் உள்ள வாயில் ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டும்" என்று எழுதினால் மறுப்பது கடினம், செய்வது எளிது. படி ஒன்றை வட்டார வள மையச் சிறப்பாசிரியருக்குக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்; அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பதால் அங்கே உங்கள் சொல்லுக்கு எடை உண்டு.

பயன் இல்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். 16, 31ஆம் பிரிவுகளின்படி மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கையையும் வசதிகளையும் கவனிக்க அங்கே ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று இச்சட்டத்துக்கான 2017ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அவர் யார் என்று பெயரைக் கேட்டுக் கடிதத்தை அவருக்கே கொடுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் முறையிடலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனுவின் படியைக் கொடுத்து வைப்பது நல்லது.

அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். அவருக்கு அனுப்பும் மனுவை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தமிழில் எழுதலாம். ஆளை அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் 82ஆம் பிரிவின்படி அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்து அவருக்குத் தெரிவிக்க வேண்டும். பரிந்துரையை ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தை ஆணையருக்கும் மனுதாரருக்கும் அதே காலத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.