‘மைல்’ என்பது தூரமா, துட்டா? ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர்: ஒரு சொல் விளக்கம்

தமிழில் ‘மைலேஜ்’ என்றதும் நினைவுக்கு வருவது வண்டிதான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கணக்குப் பார்த்தாலும் பெயர் என்னவோ மைலேஜ். அடுத்தது அரசியல் செய்திகளில் அடிபடும் மைலேஜ்: ஒரு போராட்டத்தாலோ அறிக்கையாலோ எந்தக் கட்சிக்கு எவ்வளவு ஆதாயம் என்ற பொருளில் வருவது. விமான நிறுவனங்களின் ‘ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர்’ திட்டத்தில் சேர்ந்தவர்களின் கணக்கில் பரிசாக ஏறும், பிறகு இலவச டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய ‘மைல்’, பெயரளவில் முதல் வகை. நடப்பில் இரண்டாம் வகைக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதை வைத்து எந்தத் தூரத்தையும் அளக்க முடியாது.

மூலத்தில் அது அசல் தூரம். லத்தீன் மொழியில் ‘மில்லே பாஸுஸ்’ என்றால் ஆயிரம் எட்டு. ரோமானியப் படைவீரனின் இடக்கால் ஒரு முறை ஊன்றி மறுமுறை ஊன்றுவதை ஓர் எட்டாகக் கொண்டார்கள். ‘மில்லே’தான் ஆங்கிலத்தில் மைல் ஆயிற்று. தமிழில் இதற்குத் தனிச்சொல் இருந்தது: ‘கல்’. “ஊர் இங்கிருந்து எட்டுக் கல் தொலைவு” என்று பெரியவர்கள் சொல்லும்போது குறிப்பது மைலைத்தான். சாலையோரக் கல்லே அளவுக்குப் பெயராகிவிட்டது.

‘ஃப்ரீக்வென்ட்’ என்ற சொல்லும் லத்தீன் வழி வந்ததே. ‘ஃப்ரீக்வென்ஸ்’ என்றால் நெருக்கமான, கூட்டமான என்று பொருள். பிறகுதான் ‘அடிக்கடி’ என்ற பொருள் ஏறியது. ‘ஃப்ளையர்’ பறப்பவர். இதை அப்படியே ‘அடிக்கடி பறப்பவர் திட்டம்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழில் பறப்பது விமானமும் பறவையும். மனிதர்கள் விமானத்தில் போவார்கள், வருவார்கள். ‘வாடிக்கைப் பயணியர் திட்டம்’ என்பதே காதுக்கும் கருத்துக்கும் பொருந்துகிறது. ஒரே இடத்தில் வழக்கமாக வாங்குபவரை வாடிக்கையாளர் என்கிறோம். அந்த வாடிக்கையைத் தக்கவைக்கத்தான் இந்தத் திட்டமே பிறந்தது.

1978இல் அமெரிக்கா விமானப் போக்குவரத்தின் மீதிருந்த கட்டணக் கட்டுப்பாடுகளை நீக்கச் சட்டம் இயற்றியது. அதுவரை எந்த வழித்தடத்தில் எவ்வளவு வாங்கலாம் என்பதை அரசு வாரியம் தீர்மானித்தது. கட்டுப்பாடு போனதும் கட்டணப் போட்டி வந்தது; பயணிகள் மலிவான பக்கம் சாய்ந்தார்கள். 1979இல் டெக்ஸாஸ் இன்டர்நேஷனல் நிறுவனம் மைல் கணக்கில் பரிசு தரும் திட்டத்தைத் தொடங்கியது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பெயரின் இரண்டு ‘ஏ’க்களையும் ஒட்டவைத்து ‘அட்வான்டேஜ்’ (AAdvantage) திட்டத்தை அறிமுகப்படுத்த, சில நாட்களிலேயே போட்டி நிறுவனமான யுனைடெட் ‘மைலேஜ் பிளஸ்’ஸுடன் வந்து நின்றது. அமெரிக்கன் தன் ‘சேபர்’ முன்பதிவுக் கணினியில் ஒரே தொலைபேசி எண் திரும்பத் திரும்ப வருவதைத் தேடித்தான் முதல் உறுப்பினர்களைக் கண்டுபிடித்தது. ஆள் யார் என்பதைவிட எத்தனை முறை வருகிறார் என்பதே கேள்வி. ‘ஃப்ரீக்வென்ட்’ என்ற சொல் அன்று சொன்னபடி நடந்துகொண்டது.

தந்த பரிசும் செலவில்லாத பரிசுதான். கதவு சாத்திய பிறகு காலியாகக் கிடக்கும் இருக்கைக்கு விலையே கிடையாது. அதில் ஒருவரை உட்காரவைத்தால் கூடுதலாக ஆவது கொஞ்சம் எரிபொருள், ஒரு சாப்பாடு.

பொருள் திரியத் தொடங்கியது 1987இல். அந்த ஆண்டு சிட்டிபேங்க் வங்கியும் அமெரிக்கனும் சேர்ந்து கிரெடிட் கார்டு ஒன்றை வெளியிட்டன. கார்டைத் தேய்த்தால் மைல் சேரும். மைல் தருவது விமான நிறுவனம். அதைக் காசு கொடுத்து வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுப்பது வங்கி. பறக்காமலே மைல் சேர ஆரம்பித்தது. இது எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1999இல் அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் தன் பொருளை வாங்கினால் மைல் என்று ஓர் உணவு நிறுவனம் அறிவித்த சலுகையைக் கவனித்து, சுமார் 3,140 டாலருக்கு 12,150 கிண்ணம் புட்டிங் என்ற இனிப்பை வாங்கிக் குவித்தார். அவர் கணக்கில் ஏறியது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மைல். அத்தனையும் விமானத்தில் ஏறாமலே.

ஆக, மைல் இன்று விற்பனைச் சரக்கு. இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பது வெளியாருக்கு வெகுகாலம் தெரியாமலே இருந்தது. விமான நிறுவனங்களின் கணக்கில் அது டிக்கெட் வருமானத்தோடு கலந்து கிடந்தது. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது கடன் வாங்க எதையாவது ஈடு காட்ட வேண்டிவந்தது. யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தையே அடகு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அதற்காகக் கடன் தருபவர்களிடம் கணக்கை விரித்துக் காட்டியது: திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,190 கோடி டாலர், 2019இல் வந்த வரவு சுமார் 530 கோடி டாலர், அதில் 70 விழுக்காட்டுக்கு மேல் வெளி நிறுவனங்களுக்கு மைல் விற்றதில் வந்தது. மற்றோர் அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா 900 கோடி, அமெரிக்கன் 2021இல் 1,000 கோடி டாலர் என இதே வழியில் திரட்டின. அப்போது யுனைடெட், அமெரிக்கன் இரண்டின் பங்குச் சந்தை மதிப்பும் அவற்றின் மைல் திட்டங்களுக்குப் போட்ட மதிப்பைவிடக் குறைவு. நிறுவனங்களின் தலையில் பெரிய கடன் இருந்ததையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் ‘விமானம் ஓட்டுவது உபதொழில்’ என்ற கேலி அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

கேலியில் பாதி உண்மை இருக்கிறது. 2024இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு நிறுவனம் டெல்டாவுக்குக் கொடுத்தது சுமார் 740 கோடி டாலர். அந்த ஆண்டு டெல்டாவின் இயக்க லாபமே ஏறத்தாழ 600 கோடிதான். ஒன்று வரவு, மற்றது லாபம் என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது; அளவு புரிவதற்காகச் சொல்கிறேன். மறுபாதி உண்மையை விமான நிறுவனங்கள் சொல்கின்றன: விமானம் பறந்தால்தானே மைலுக்கு மதிப்பு? அதுவும் சரிதான். ஆனால், பறந்தே தீர வேண்டும் என்றும் இல்லை. இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. அதன் ‘ஜெட்பிரிவிலேஜ்’ தனி நிறுவனமாக இருந்ததால் அதே ஆண்டு ‘இன்டர்மைல்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு கடையைத் தொடர்ந்து நடத்தியது. விமானம் போய் மைல் மிஞ்சியது.

லாபம் எங்கிருந்து வருகிறது? கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஒரு கட்டணம் செலுத்துகிறார். அதில் பெரும்பங்கு வங்கிக்குப் போகிறது. வங்கி அதிலிருந்து மைல் வாங்குகிறது. கடைக்காரர் கட்டணத்தைச் சரக்கின் விலையில் ஏற்றிவிடுவதால், ரொக்கம் கொடுப்பவரும் தெரியாமல் இதில் பங்கு செலுத்துகிறார். கார்டு பாக்கியை மாதம் தள்ளிக் கட்டி வட்டி கொடுப்பவர் எல்லாரையும்விடக் கூடுதலாகக் கொடுக்கிறார். வங்கியிடம் வாங்கிய பணத்தில் விளம்பரத்துக்கும் பெயரைப் பயன்படுத்தியதற்குமான பகுதியை விமான நிறுவனம் உடனே வருவாயாகக் காட்டும். பயணத்துக்கான பகுதி, மைல் செலவாகும்வரை ‘ஒத்திவைத்த வருவாய்’ என்று கடன் பக்கம் நிற்கும். செலவாகாமலே போகும் மைல்கள்? அதற்கு ஆங்கிலக் கணக்கியலில் ‘பிரேக்கேஜ்’ என்று பெயர். ‘உடைவு’ என்று மொழிபெயர்த்தால் எதுவும் விளங்காது. திரும்பி வராத கடனை வாராக்கடன் என்கிறோம். கேட்க ஆள் வராத இந்தக் கடனைக் ‘கேளாக்கடன்’ எனலாம். எவ்வளவு கேளாக்கடனாகப் போகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அந்தத் தொகையையும் வருவாயில் சேர்த்துக்கொள்ளக் கணக்கியல் விதிகள் அனுமதிக்கின்றன.

உறுப்பினருக்கு என்ன ஆகிறது என்பதற்கு ‘மதிப்பிறக்கம்’ என்ற ஒரு சொல் போதும். அரசுகள் நாணயத்துக்குச் செய்வதை விமான நிறுவனங்கள் மைலுக்குச் செய்கின்றன. மைல் என்பது அவை தாங்களே அச்சடிக்கும் நோட்டு. அந்த நோட்டு செல்லுபடியாகும் ஒரே பெரிய கடையும் அவற்றுடையது. முன்பு எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று அட்டவணை இருந்தது. டெல்டா 2015இல் அதை எடுத்தது. யுனைடெட் 2019இல் எடுத்தது. இப்போது திரையைத் திறந்தால் தேதிக்கு ஒரு விலை. நேற்று 25,000 என்று காட்டிய அதே இருக்கை இன்று 60,000 கேட்கலாம். “விலையை ஏற்றினீர்களா?” என்று கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் ஏற்றுவதற்கு நிலையான விலை என்று ஒன்று இல்லை. ‘இலவச’ டிக்கெட்டின் அடியில் வரிகளும், சில நிறுவனங்களில் எரிபொருள் கூடுதல் கட்டணமும் பணமாகக் கேட்டு நிற்கும்.

மைல் சேரும் முறையும் மாறியது. 2015இல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016இல் அமெரிக்கனும், பறந்த தூரத்தை விட்டுவிட்டுக் கொடுத்த கட்டணத்தை வைத்து மைல் தரத் தொடங்கின. நெடுந்தூரத்தை மலிவு டிக்கெட்டில் போகிறவருக்குச் சொற்பம். அலுவலகக் காசில் கடைசி நேர டிக்கெட் எடுப்பவருக்குத் தாராளம். ‘மைல்’ என்ற பெயரில் தூரத்துக்கு மிச்சம் இருந்த கொஞ்சநஞ்ச உரிமையும் அன்றோடு தீர்ந்தது. 2023இல் டெல்டா, கூடுதல் சலுகைகள் தரும் உறுப்பினர் படிநிலைக்கும் செலவு ஒன்றே அளவுகோல் என்று அறிவித்து, வரம்பையும் உயர்த்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் அதன் தலைவர் எட் பாஸ்டியன் வரம்பு மீறிப் போய்விட்டோம் என்று ஒப்புக்கொண்டார். சில வரம்புகள் இறங்கின. செலவே அளவுகோல் என்பது அப்படியே நின்றது.

இந்தத் திட்டங்களுக்குப் பொதுப்பெயர் ‘லாயல்டி’. பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘லெகாலிஸ்’, அதாவது சட்டத்துக்கு உட்பட்டது, என்பதிலிருந்து வந்தது. தமிழில் ‘விசுவாசத் திட்டம்’ என்று எழுதுகிறார்கள். விசுவாசம் நம் வழக்கில் கீழிருந்து மேல் போவது. எஜமானுக்கு வேலையாள் காட்டுவது. தெரிந்து போட்டார்களோ தெரியாமல் போட்டார்களோ, கச்சிதமாகப் பொருந்துகிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனம் 2008இல் தன் உயர்படி உறுப்பினரான ஒரு யூத மதகுருவைத் திட்டத்திலிருந்து நீக்கியது. ஏழு மாதங்களில் 24 முறை புகார் சொன்னார், அவற்றில் ஒன்பது புகார்கள் பயணப் பெட்டி தாமதமாக வந்தது பற்றி என்பது காரணம். நீக்குவது நிறுவனத்தின் முழு விருப்பம் என்று விதிமுறையில் இருந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிறுவனத்தின் பக்கம் நின்றது. நிறுவனம் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்று மாநிலச் சட்டத்தை வைத்து அவர் எழுப்பிய கோரிக்கையை, கட்டணக் கட்டுப்பாடுகளை நீக்கிய அதே 1978 சட்டம் தடுக்கிறது என்றது. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய நிறுவனங்களிடம் மதிப்பிறக்கம், மாறும் விலை, கூடுதல் கட்டணங்கள் பற்றிய விவரங்களைக் கேட்டு விசாரணை தொடங்கியது.

யாருக்குமே ஆதாயம் இல்லை என்றும் சொல்லக் கூடாது. கார்டு பாக்கியை மாதாமாதம் முழுதாகக் கட்டிவிட்டு, விலை இறங்கும் நாளைப் பார்த்து உயர்வகுப்பு இருக்கை பிடிப்பவர்கள் நிறைய அனுபவிக்கிறார்கள். ‘எர்ன் அண்ட் பர்ன்’ என்பது அவர்கள் வழக்குச்சொல். ‘சேர், உடனே செலவழி’. வட்டி தராத, மதிப்பு இறங்கும் காசைப் பூட்டிவைப்பதில் என்ன பயன்?

சொற்களுக்கு வருவோம். திட்டத்துக்கு ‘வாடிக்கைப் பயணியர் திட்டம்’ இருக்கட்டும். மைலுக்குப் ‘பயணப் புள்ளி’ என்பதே என் பரிந்துரை; ‘மைல்’ என்றோ ‘கல்’ என்றோ எழுதினால் தூரம் என்ற பொய்யையும் சேர்த்து மொழிபெயர்த்ததாகும். ‘ரிடீம்’ என்பதற்கு ‘மீட்பது’ என்கிறார்கள். தமிழில் மீட்பது அடகு வைத்த நம் பொருளை. பல விதிமுறைகளின்படி புள்ளிகள் உறுப்பினரின் உடைமையே அல்ல. ‘மாற்றிக்கொள்வது’ போதும். ‘மைலேஜ் ரன்’ என்றும் ஒரு சொல் உண்டு: போகும் ஊரில் வேலை எதுவும் இல்லாமல், மைலுக்காகவே மலிவு டிக்கெட்டில் போய்த் திரும்புவது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடி மெனக்கெட வேண்டாம். தூரத்துக்குப் புள்ளி தருவது குறையக் குறைய அந்தப் பழக்கமே வழக்கொழிந்துவருகிறது.